கோச் மாறினால் கோல் வந்துவிடுமா? இந்தியக் கால்பந்து அணியின் தோல்விக் கணக்கு

கேள்வி இதுதான்: "2025 நவம்பரில் டாக்காவில் பங்களாதேஷிடமும் தோற்றுவிட்டோம். ஸ்டிமாச் போனார், மார்க்கெஸ் வந்தார். அவரும் போய் காலித் ஜமீல் வந்தார். ஒன்றும் மாறவில்லை. அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் தலைவரும் விலகினால்தான் இந்தியக் கால்பந்து உருப்படும் என்கிறார்கள். உண்மையில் கோளாறு எங்கே? ரசிகன் யாரிடம் போய் என்ன கேட்பது?"

கோபம் நியாயமானதுதான். ஆனால் அது ஒவ்வொரு முறையும் கோச் வீட்டு வாசலில் போய் நின்று, அவர் பெட்டி கட்டியதும் அடங்கிவிடுகிறது. கோச் கையில் அணி வந்து சேர்வதற்கு முன்பே பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. கோல் அடிக்கும் இடத்தில் ஆடிப் பழகிய இந்தியர்கள் அநேகமாக இல்லை. இருப்பவர்களுக்கும் வருடம் முழுக்கப் போதிய ஆட்டம் இல்லை. ஆட்ட அட்டவணையைத் தீர்மானிக்கிறவர்களோ ஆடுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. இந்த மூன்றையும் தொடாமல் உலகத்தின் எந்த கோச்சைக் கொண்டுவந்தாலும் கதை இதேதான்.

முதலில் கணக்கு. 2024-இல் இந்தியா 11 ஆட்டங்கள் ஆடியது. ஒன்றில்கூட வெற்றி இல்லை. ஐந்து டிரா, ஆறு தோல்வி. அடித்த கோல் மொத்தம் நான்கு. அதில் ஒன்று சுனில் சேத்ரியின் பெனால்டி, இன்னொன்று தடுப்பாட்டக்காரர் ராகுல் பேக்கே அடித்தது. அதாவது ஒரு வருடம் முழுக்க, பெனால்டியைத் தள்ளிவிட்டால், முன்வரிசை ஆட்டக்காரர்கள் அடித்தது இரண்டே கோல்: தோஹாவில் கத்தாருக்கு எதிராகச் சாங்தே, வியட்நாமுக்கு எதிராக ஃபரூக் சௌத்ரி. அந்த வருட ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஒரு கோலும் இல்லை.

அடுத்து 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. குழுவில் ஹாங்காங், சிங்கப்பூர், பங்களாதேஷ். குலுக்கலின்போது நால்வரில் ரேங்கிங்கில் முன்னால் இருந்தது நாம்தான். குழுவில் முதலிடம் பிடிப்பவருக்கு மட்டுமே இடம். ஷில்லாங்கில் பங்களாதேஷுடன் 0-0, ஹாங்காங்கில் 0-1, சிங்கப்பூரில் 1-1, கோவாவின் ஃபடோர்டாவில் சிங்கப்பூரிடம் 1-2, டாக்காவில் 0-1. முதல் ஐந்து ஆட்டங்களில் இரண்டு புள்ளி, இரண்டு கோல். பங்களாதேஷிடம் தோற்றது 22 வருடங்களில் முதல் முறை. சிங்கப்பூர் அந்தக் குழுவிலிருந்து ஆசியக் கோப்பைக்குப் போய்விட்டது.

1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் என்று பழம்பெருமை பேசுகிறவர்களும் உண்டு. உண்மைதான். அந்த அணிகளின் கோச் சையது அப்துல் ரஹீம் பெரிய மனிதர். ஆனால் அவர் காலத்தில் ஆசியாவின் பெரும்பாலான நாடுகளில் தொழில்முறை லீகே கிடையாது. அந்த ஒப்பீட்டால் இன்றைக்கு ஒரு பயனும் இல்லை.

கோச்சுகள் விஷயத்துக்கு வருவோம். இகோர் ஸ்டிமாச் 2019 மே முதல் 2024 ஜூன் வரை இருந்தார். 2023-இல் அவருடைய அணி இம்பாலில் முத்தரப்புக் கோப்பை, புவனேஸ்வரில் இன்டர்கான்டினென்டல் கோப்பை, பெங்களூருவில் தெற்காசிய நாடுகளின் சாஃப் கோப்பை என்று மூன்று வென்றது. அந்த வருடம் ஜூலையில் ஃபிஃபா ரேங்கிங்கில் 99-ஆம் இடம். அதைப் பார்த்து அக்டோபரில் 2026 வரை ஒப்பந்தம் நீட்டித்தார்கள். கவனிக்க வேண்டியது, மூன்றும் சொந்த மண்ணில் நடந்தவை. லீக் முடிந்த கோடையில் நீண்ட கேம்ப் கிடைத்த பிறகு வந்தவை புவனேஸ்வர், பெங்களூரு வெற்றிகள். ஆசியக் கோப்பைக்கோ டிசம்பர் 30-ஆம் தேதி தோஹா போய் இறங்கி, ஜனவரி 13-இல் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தார்கள். அதே 2023-இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுக்குப் போன அணி இன்னும் மோசம். முந்தின நாள் மாலை போய் இறங்கி, மறுநாள் சீனாவிடம் 1-5. இதில் கோச்சின் வியூகத்தைப் பற்றி என்னத்தைப் பேசுவது?

ஸ்டிமாச்சைத் தூக்கிவிட்டு மனோலோ மார்க்கெஸை வைத்தார்கள். நல்ல கோச், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பை வென்றவர். ஆனால் அதே சமயத்தில் அவர் எஃப்சி கோவாவுக்கும் கோச். வருடத்தின் பெரும்பகுதி ஒரு கிளப்பின் வெற்றிக்காக உழைப்பவர், இடையில் சில வாரம் மற்ற கிளப் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்து நாட்டுக்காக ஆட வைப்பார் என்பது ஏற்பாடு. சம்பளம் மிச்சம் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் தெரியவில்லை. 2025 ஜூலையில் அவரும் விலகினார், ஆகஸ்டில் காலித் ஜமீல். வந்த வேகத்தில் மத்திய ஆசிய நாடுகளின் காஃபா கோப்பையில் தஜிகிஸ்தானை 2-1 வென்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமனைப் பெனால்டியில் வீழ்த்தினார். அந்தப் போட்டிக்கான கேம்புக்கு ஒரு பெரிய கிளப் தன் ஆட்டக்காரர்களை விடவே இல்லை. ஃபிஃபா ஒதுக்கிய சர்வதேச நாட்களுக்கு வெளியே ஆட்டக்காரர்களை விடும்படி எந்த கிளப்பையும் வற்புறுத்த முடியாது. சட்டப்படி கிளப் செய்தது சரி. அந்தத் தேதிகளை கிளப்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியது கூட்டமைப்பு. அது நடக்கவில்லை என்பதற்குத்தான் கோச் பலியாகிறார்.

இப்போது கோல் எங்கே என்ற கேள்வி. இதில்தான் விஷயம் ஆழமாக இருக்கிறது.

2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி ஓய்வு பெற்ற சேத்ரியை, 2025 மார்ச்சில் நாற்பது வயதில் திரும்ப அழைத்தார்கள். உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவு என்று பலர் நினைத்தார்கள். அப்படி இல்லை. 2024-25 ஐஎஸ்எல் சீசனில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவர் அவரே, 14 கோல். இருபது வயதுக்காரர்கள் இருக்க, நாற்பது வயதுக்காரரைத் தேர்வு செய்வதுதான் சரி என்று எண்ணிக்கை சொன்னால், கோளாறு தேர்வில் இல்லை.

ஐஎஸ்எல் கிளப்பின் கணக்கு எளிமையானது. மைதானத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர் ஆடலாம், ஏழு இந்தியர். தொடக்க வருடங்களில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடினார்கள். பிறகு ஐந்து, 2021-22 முதல் நான்கு. கையில் நான்கு வெளிநாட்டு இடம் இருக்கும் கோச் அதை எங்கே செலவழிப்பார்? ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும், கோலிலிருந்து கோல் வரையான நடு வரிசையில்: ஒரு சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்), ஒன்று அல்லது இரண்டு மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரர்), ஒரு ஸ்ட்ரைக்கர் (முன்னால் நின்று கோல் அடிப்பவர்). இந்தியர்களுக்கு மிஞ்சுவது இரண்டு பக்கக் கோடுகளும் கோல் கம்பமும். அதனால் நம்மிடம் கோல்கீப்பர், ஃபுல் பேக் (பக்கத் தடுப்பாட்டக்காரர்), விங்கர் (பக்கக் கோட்டோரம் ஆடும் முன்வரிசைக்காரர்) பஞ்சமில்லை. சாங்தே, லிஸ்டன் கொலாசோ, மகேஷ் சிங், உதாந்தா எல்லாரும் விங்கர்கள். மன்வீர் சிங் கிளப்பில் பெரும்பாலும் வலது விங்கில் ஆடுபவர், நாட்டுக்கு வந்தால் நடுவில் ஸ்ட்ரைக்கர்.

விங்கரை நடுவில் நிறுத்தினால் ஸ்ட்ரைக்கர் ஆகிவிட மாட்டார். விங்கர் பந்தைக் காலில் வாங்கி, கோல் பக்கம் முகம் திருப்பி, எதிராளியைத் தாண்டிப் போகப் பழகியவர். ஸ்ட்ரைக்கர் வேலை பெரும்பாலும் பந்து இல்லாமல் நடக்கிறது. கோலுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் முட்டுகிற சென்டர் பேக்கைத் தாங்கிப் பந்தைப் பிடித்து வைக்க வேண்டும். கிராஸ் வருகிறபோது தடுப்பவரின் பார்வைக்குப் பின்னால் இரண்டடி நழுவி, பிறகு முன் கம்பத்துக்குப் பாய வேண்டும். முதல் தொடுகையிலேயே அடிக்க வேண்டும். இதெல்லாம் கரும்பலகையில் கற்றுக்கொடுக்கிற விஷயம் அல்ல. சீசனுக்குச் சீசன் அதே இடத்தில் ஆடி, பத்து வாய்ப்பைத் தவறவிட்டுப் பதினோராவதை அடித்து உடம்பு கற்றுக்கொள்வது. ஒரு சர்வதேச இடைவெளியில் கோச்சுக்குக் கிடைப்பது நான்கைந்து பயிற்சி நாள். அதிலும் முதல் நாள் கிளப் ஆட்டக் களைப்பு, கடைசி நாள் லேசான பயிற்சி. எந்தக் கோச்சும் அந்த நாட்களில் தடுப்பைத்தான் சரிசெய்வார், ஏனென்றால் குறைந்த நாளில் கற்றுக்கொடுக்க முடிந்தது அதுதான். 0-0, 0-1 என்று முடிவுகள் வருவதற்கு இதுவே காரணம். "கோச் பயந்து ஆட வைக்கிறார்" என்பது பாதி உண்மைதான்.

வெளிநாட்டவர் எண்ணிக்கையை ஒரேயடியாகக் குறைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. லீகின் தரம் இறங்கும், கிளப்களின் வருமானம் இறங்கும், அதோடு சென்டர் பேக்குகள் நல்ல ஸ்ட்ரைக்கரை எதிர்த்து ஆடும் பழக்கத்தையும் இழப்பார்கள். வேலை செய்யக்கூடியது இன்னொன்று. அது ஏற்கெனவே ஒரு முறை வேலை செய்திருக்கிறது.

2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்தது உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். போட்டி முடிந்ததும் அந்தப் பையன்களை வீட்டுக்கு அனுப்பாமல், இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் அப்படியே நாட்டின் இன்னொரு தேசிய லீகான ஐ-லீகில் ஆட விட்டார்கள். வெளிநாட்டவர் ஒருவரும் கிடையாது, தரமிறக்கம் கிடையாது. தோற்றார்கள், நிறையவே தோற்றார்கள். ஆனால் வாரா வாரம் முப்பது வயது ஆட்களின் முழங்கையை வாங்கிக்கொண்டு ஆடினார்கள். ஜீக்சன், சுரேஷ் வாங்ஜாம், அன்வர் அலி, ரஹீம் அலி எல்லாரும் அந்தக் கூட்டம்தான். 2025 அக்டோபரில் சிங்கப்பூரில் கடைசி நிமிடத்தில் சமன் செய்த கோலை அடித்தவர் அதே ரஹீம் அலி. பலன் கண்ணெதிரே இருக்க, 2022-இல் ஆரோஸை மூடிவிட்டார்கள். பதிலுக்கு இளையோர் லீக் என்றார்கள். பதினெட்டு வயதுப் பையன் பதினெட்டு வயதுப் பையன்களோடு ஆடுவதும், பெரியவர்களோடு ஆடுவதும் ஒன்றல்ல. கோபப்பட வேண்டிய முடிவுகளில் இதை முதல் மூன்றுக்குள் வைக்கலாம். ஆனால் அன்றைக்கு யாரும் பதாகை பிடிக்கவில்லை.

ஆட்ட எண்ணிக்கை குறைவதன் இன்னொரு விளைவு ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தில் தெரியும். 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 1-0 முன்னிலை. 70-ஆம் நிமிடத்தில் ஒன்று, 88-இல் பெனால்டியில் இன்னொன்று வாங்கி 1-2. ஜூனில் தோஹாவில் கத்தாருக்கு எதிராகவும் 1-0 முன்னிலை. 73-இல் ஒன்று, 85-இல் ஒன்று. (73-ஆம் நிமிட கோலில் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது உலகத்துக்கே தெரிந்தது, நடுவருக்கு மட்டும் தெரியவில்லை. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் இல்லை. அநியாயம்தான். இருந்தாலும் குவாஹாட்டியில் ஜெயித்திருந்தால் தோஹாவில் அந்த நிலைமைக்கே வந்திருக்க மாட்டோம்.) 2025 ஜூனில் ஹாங்காங்கில் கூடுதல் நேரப் பெனால்டி. 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிராக டிரா போதும் என்ற நிலையில் 91-ஆம் நிமிடப் பெனால்டி.

இதை "மன உறுதி இல்லை" என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். வேகமான ஆட்டத்தைத் தொண்ணூறு நிமிடம் தொடர்ந்து ஆடிப் பழகாத கால், எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு அரை நொடி தாமதமாக வந்து சேரும். அரை நொடி தாமதமாக வருகிற கால் பந்தை விட்டு எதிராளியின் காலைத் தட்டும். பெட்டிக்குள் அது நடந்தால் பெனால்டி. 2025 இலையுதிர் காலத்தில் இது உச்சம். 2024-25 ஐஎஸ்எல் இறுதியாட்டம் 2025 ஏப்ரல் 12-இல் முடிந்தது. அதன் பிறகு டூரண்ட் கோப்பையும் சூப்பர் கோப்பையும் தவிர ஆட்டக்காரர்களுக்கு லீகே கிடையாது. டாக்காவில் ஆடிய இந்தியர்கள் ஏழு மாதமாக லீக் ஆட்டம் காணாதவர்கள்.

லீக் ஏன் இல்லை? இங்கேதான் தலைமை வருகிறது.

2010-இல் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு, மொத்தம் 700 கோடி ரூபாய்க்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. ஐஎஸ்எல்லை நடத்திய எஃப்எஸ்டிஎல் ரிலையன்ஸ் குழுமத்தின் நிறுவனம். ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8 என்பது கையெழுத்திட்ட அன்றே தெரியும். ஒரு சீசன் செப்டம்பரில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடியும் என்பதும் தெரியும். ஆக, 2025-26 சீசன் இரண்டு ஒப்பந்தங்களின் நடுவே மாட்டும் என்று நாட்காட்டி பார்க்கத் தெரிந்த யாருக்கும் புரிந்திருக்க வேண்டும். கூட்டமைப்பின் விதிமுறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் புதிய ஒப்பந்தம் போட முடியவில்லை என்பது அவர்கள் தரப்பு. அதுவும் உண்மை. ஆனால் அந்த வழக்கு 2025-இல் முளைத்ததல்ல, பல வருடமாக நடந்தது.

2025 ஜூலை 11-இல் எஃப்எஸ்டிஎல் சீசனை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி செயல்பாடுகளை நிறுத்தியது, பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது. செப்டம்பர் 19-இல் அந்த விதிமுறை வழக்கில் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் அல்லது மொத்த வருவாயில் 5 சதவீதம், எது அதிகமோ அது என்று நிபந்தனை. நவம்பர் 7 கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பமும் இல்லை. சந்தை என்ன விலை கொடுக்கும் என்று விசாரிக்காமல் விலைப்பலகை மாட்டினால் இப்படித்தான் ஆகும். கடைசியில் விளையாட்டுத் துறை அமைச்சர் தலையிட்டு, 2026 பிப்ரவரி 14-இல் 14 கிளப்களோடு சுருக்கமான சீசன் தொடங்கும் என்று ஜனவரியில் அறிவித்தார்.

ஐ-லீக் கதையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். 2024-25 ஐ-லீக் ஏப்ரலில் முடிந்தது, சர்ச்சில் பிரதர்ஸ் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். ஜூலையில் லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காஷிதான் சாம்பியன் என்றது. யார் சாம்பியன் என்று ஆட்டம் முடிந்து மூன்று மாதம் கழித்துச் சுவிட்சர்லாந்தில் தெரிந்துகொள்ளும் லீக் நம்முடையது.

இதற்கெல்லாம் தலைவர் பொறுப்பல்லவா? பொறுப்புதான். ஆனால் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று பாருங்கள். 2022 செப்டம்பர் 2 தேர்தலில் கல்யாண் சௌபே 33-1 என்ற கணக்கில் பாய்சுங் பூட்டியாவை வென்றார். அந்த 34 வாக்குகளும் மாநிலச் சங்கங்களுடையவை. ரசிகருக்கு வாக்கில்லை என்பது சரி, கிளப்புக்கும் இல்லை, ஆட்டக்காரருக்கும் இல்லை. நாட்டு அணியின் முன்னாள் கேப்டனான பூட்டியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. சௌபேவுக்கு முன் தலைவராக இருந்த பிரஃபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தும், தேர்தல் நடக்காமல் 2022 மே வரை நாற்காலி நகரவில்லை. உச்ச நீதிமன்றம்தான் இறக்கிவிட்டது. ஆக, ஆளை மாற்றிப் பார்ப்பதும் நடந்துவிட்டது. வாக்களிக்கும் முப்பத்துச் சொச்சம் சங்கங்கள் அப்படியே இருந்தால், அடுத்தவரும் அவர்களைத்தான் திருப்திப்படுத்துவார்.

"அரசாங்கம் கூட்டமைப்பைக் கலைத்துவிட்டுக் கையில் எடுக்கட்டும்" என்று கோருகிறவர்கள் 2022 ஆகஸ்டை நினைவில் வைக்க வேண்டும். நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழுவை மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. ஆசிய மகளிர் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். பதினைந்து நாட்களுக்குள் தடை நீங்கியது, அந்தப் பெண்களுக்குப் போட்டி திரும்பக் கிடைக்கவில்லை.

உள்ளே இருந்தே மாற்ற இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. 2025 தீர்ப்பில் வந்த புதிய விதிமுறைப்படி, 14 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் ஐந்து பேர் முன்னாள் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும், அதில் இருவர் பெண்கள். தலைவர் உள்ளிட்ட நிர்வாகிகள் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர இடமுண்டு. 2022-இல் தேர்வான குழுவின் காலம் 2026 செப்டம்பர் வரை என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெருக்க வேண்டிய இடம் டெல்லி அலுவலகம் அல்ல. பெரும்பாலான வாக்குகள் இருப்பது உங்களுடையதைப் போன்ற மாநிலச் சங்கங்களிடம்.

ரேங்கிங் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் கோபத்தில் பாதி அதைப் பார்த்துத்தான் வருகிறது. 2023 ஜூலையில் 99, 2025 நவம்பரில் 142. 2018 முதல் ஃபிஃபா கணக்கிடும் முறை இது: ஆட்டத்தின் முக்கியத்துவத்துக்கு ஓர் எண். சர்வதேச நாட்களில் ஆடும் நட்பு ஆட்டத்துக்கு 10, தகுதிச் சுற்றுக்கு 25, ஆசியக் கோப்பைக் குழு ஆட்டத்துக்கு 35. கிடைத்த முடிவிலிருந்து (வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0) எதிர்பார்த்த முடிவைக் கழித்து, அந்த எண்ணால் பெருக்க வேண்டும். எதிராளியைவிட நமக்கு 180 புள்ளி அதிகம் என்றால் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 0.67. தகுதிச் சுற்றில் ஜெயித்தால் 8 புள்ளி சொச்சம் ஏறும், டிரா செய்தாலே 4 இறங்கும், தோற்றால் 16-க்கும் மேல் போய்விடும். அதாவது, நம்மைவிட பலமான அணியிடம் தோற்பதில் அவ்வளவு நஷ்டமில்லை. பலவீனமான அணியோடு டிரா செய்துகொண்டே இருப்பதுதான் ரேங்கிங்கைக் கரைக்கிறது. மொரீஷியஸைக் கூப்பிட்டு ஹைதராபாத்தில் 0-0 ஆடினாலும், ஜோர்டானுக்குப் போய் 0-2 தோற்றாலும் கணக்கில் நஷ்டம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் ஆட்டக்காரர்களுக்குப் பாடம் உண்டு. நட்பு ஆட்ட எதிரிகளைத் தேர்வு செய்வது கோச் மட்டும் எடுக்கிற முடிவல்ல.

வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினரைக் கொண்டுவரலாமே என்று அடுத்த கேள்வி வரும். பங்களாதேஷுக்கு இங்கிலாந்தில் பிறந்த ஹம்ஸா சௌத்ரி வந்ததும் நடுக்களத்தில் வித்தியாசம் தெரிந்தது உண்மை. அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிப்பதில்லை. வெளிநாட்டுக் குடிமக்களான வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையை வைத்து நாட்டுக்கு ஆட முடியாது, இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். ஓசிஐ அட்டையோடு ஐந்து வருடமும் அதில் இந்தியாவில் வாசமும் காட்டி, சொந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுக்கொடுத்தால் அது கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ் 2025-இல் அந்நாட்டுக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துத்தான் வந்தார். டாக்கா ஆட்டத்துக்குள் அனுமதிக் காகிதம் வந்து சேரவில்லை. இருபது வயதில் ஐரோப்பிய கிளப்பில் இருப்பவன் அந்தக் கடவுச்சீட்டை விட்டுக்கொடுக்க மாட்டான். முப்பதைத் தாண்டியவர்கள் வருவார்கள். இரண்டு வருடத்துக்கு உதவும், அவ்வளவுதான். மலேசியா 2025-இல் ஏழு பேரின் வம்சாவளிப் பத்திரங்களில் மாட்டி ஃபிஃபாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் மறக்க வேண்டாம்.

சரி, ரசிகர் என்ன செய்வது? ஆட்டத்தைப் புறக்கணிப்பது அரங்கம் நிரம்பும் இடத்தில்தான் வலிக்கும். 2018 ஜூனில் மும்பையில் இந்தியா ஆடியபோது வந்தவர்கள் 2,569 பேர். சேத்ரி வீடியோ போட்டுக் கெஞ்சிய பிறகுதான் அடுத்த ஆட்டம் நிரம்பியது. காலி இருக்கை கூட்டமைப்புக்குப் பழக்கமான காட்சி. அதைவிட அவர்களுக்குச் சங்கடமானது, எழுத்தில் வரும் கேள்வி.

அரசிடம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் மானியம் பெறும் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று விளையாட்டு அமைச்சகம் 2010-லேயே சொல்லிவிட்டது. மனுக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். மனு 500 வார்த்தைக்குள் இருப்பது நல்லது. "ஏன் தோற்றோம்?", "தலைவர் ஏன் விலகவில்லை?" என்று எழுதினால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் கொடுப்பது ஏற்கெனவே கோப்பில் இருக்கும் ஆவணத்தை. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக: தொழில்நுட்பக் குழுக் கூட்டங்களின் தேதியும் நடவடிக்கைக் குறிப்பும், கோச் நியமனத்துக்கு வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கையும் மதிப்பெண் தாளும், கடந்த மூன்று வருடத்தில் ஆண்கள், பெண்கள், இளையோர் அணிகளுக்கு நடந்த கேம்ப் நாட்கள், இந்தியன் ஆரோஸை நிறுத்தும் முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பு, மாநிலச் சங்கங்களுக்குக் கொடுத்த தொகையும் அவை சமர்ப்பித்த பயன்பாட்டுச் சான்றிதழும்.

கூட்டமைப்பு இழுத்தடித்தால் இன்னொரு கதவு இருக்கிறது. ஒவ்வொரு கூட்டமைப்பும் மானியத்துக்காக விளையாட்டு அமைச்சகத்திடம் ஆண்டுப் பயிற்சி, போட்டி அட்டவணையைக் கொடுக்க வேண்டும். ஏசிடிசி என்பார்கள். அதன் நகலை அமைச்சகத்திடமே இணையத்தில் கேட்கலாம். வருடத் தொடக்கத்தில் வாக்குக் கொடுத்த கேம்ப் எத்தனை, நடந்தது எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், தொலைக்காட்சி விவாதம் தேவைப்படாது. ஒப்பந்தங்களைக் கேட்டால் வணிக ரகசியம் என்று மறுப்பார்கள். 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

இதே கேள்வியை உங்கள் மாநிலச் சங்கத்திடமும் கேளுங்கள், ஆனால் சிறிதாக, எண்ணோடு. மாநில லீக் எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிந்தது? ஓர் அணிக்கு எத்தனை ஆட்டம்? 15 வயதுக்கு உட்பட்டோருக்கு, குழு ஆட்டத்திலேயே வெளியேறினாலும், குறைந்தது எத்தனை ஆட்டம் உறுதி? ஓர் ஆட்டம் தோற்றால் வீடு என்கிற நாக்-அவுட் போட்டியை லீக் என்ற பெயரில் நடத்தும் இடங்கள் உண்டு. அங்கே கோச் ஜெயிப்பதற்காக உயரமான, வயதை மறைத்த பையனை இறக்குவார். குள்ளமான, கெட்டிக்கார ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த வருடம் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். கடைசியாக ஒன்று: 2026 தேர்தலில் எங்கள் மாநிலத்தின் வாக்கைப் போடப் போகிற நபர் யார், அவரைத் தேர்ந்தெடுத்த கூட்டம் எந்தத் தேதியில் நடந்தது?

பெண்கள் அணி 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 வென்று, தகுதிச் சுற்று ஆடி முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனது. சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த இரண்டு கோல். நவம்பரில் 17 வயதுக்கு உட்பட்ட பையன்கள் அகமதாபாத்தில் ஈரானை 2-1 வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்தப் பையன்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதாகும்போது பெரியவர்களோடு ஆட ஓர் அணி இருக்குமா, அதை நடத்தப் போவது யார், எத்தனை ஆட்டம் என்று கேட்க வேண்டிய நேரம் இது. அவர்கள் காணாமல் போன பிறகு அன்றைய கோச்சைத் திட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.